சீலிங்குக்கு மேலே ஒரு பெட்டி

சீலிங் ஸ்பீக்கர் வேலை நன்றாக நடந்திருக்கிறதா என்பதை வெள்ளை க்ரில்லை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஃபால்ஸ் சீலிங்குக்கும் கான்கிரீட் தளத்துக்கும் நடுவே இருக்கிற அரையடி இருட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அங்கே ஒன்றுமே இருக்காது. ஜிப்சம் போர்டில் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்பீக்கரைச் சொருகி, கிளாம்புகளை முறுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

பாட்டு கேட்கத்தான் செய்யும். ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளுகிற அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. அந்தப் பின்னொலி ஸ்பாட் லைட் ஓட்டை, ஏ.சி. சந்து என்று வழி தேடி இறங்கி, முன்னொலியின் பேஸைத் தின்றுவிடும். மிச்சம் சீலிங்கைத் தாங்கும் ஜிஐ சேனலை உலுக்கிக் கடகடக்க வைக்கும். இதற்கு மருந்து காற்றுப் புகாத ஒரு பெட்டி. அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கலாம் என்று அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் காட்டிவிட்டார். சிறிய பெட்டியிலிருந்தும் ஆழமான பேஸ் வரும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுப்பட்டது.

மடிப்பாக்கத்தில் நண்பர் வீட்டு மாடியறையில் அப்படியொரு வேலையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் 6.5 அங்குலம், மேலே கிடைத்த இடம் ஏழு அங்குலம்தான். உயரம் போதாததை ஆசாரி அகலத்தில் ஈடுகட்டியிருந்தார். உள்ளளவு 16-க்கு 16 அங்குலம், உயரம் 5. கிட்டத்தட்ட 21 லிட்டர். கனமான ப்ளைவுட், மூலைக்கு மூலை சிலிகான், உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு. வயர் நுழையும் துளையைக்கூட விடாமல் அடைத்திருந்தார். பெட்டியின் பாரம் போர்டில் இறங்காதபடி, த்ரெட் ராடு போட்டுத் தளத்திலிருந்தே தொங்கவிட்டிருந்தார். விரலை மடக்கித் தட்டினால் ‘டொக்’ என்று செத்த சத்தம். வீணைக்குடம் என்றால் அதிர வேண்டும். இந்தப் பெட்டி அதிரவே கூடாது.

சோதனைக்கு மிருதங்கத் தனியைப் போட்டோம். பெட்டியில்லாத சீலிங்கில் இடப்பக்கத் தொப்பி அடி எல்லாம் ஒரே ‘பொம்’ என்று கேட்கும். இங்கே அந்தத் தொப்பியின் கும்கி வழுக்கி ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

இவ்வளவு சொன்ன பிறகும், கச்சேரி கேட்கச் சீலிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாடகர் எதிரே உட்கார்ந்து பாட வேண்டியவர். தலைக்கு மேலிருந்து அசரீரி மாதிரி காம்போதி ஆலாபனை இறங்குவது எனக்கு ஒவ்வாது. சாப்பாட்டு மேசைக்கு மேலே மெல்லிசாக ஓடட்டும். சினிமாவுக்கு என்றால் தாராளமாகப் போடலாம். 2012-இல் தியேட்டருக்கும் 2014-இல் வீட்டுக்கும் டால்பி அட்மாஸ் வந்ததிலிருந்து மழைக்கும் ஹெலிகாப்டருக்கும் மேலேதான் இடம். மேலே நான்கு ஸ்பீக்கர் என்றால், முன் ஜோடி உட்காருமிடத்திலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி ஏற்றத்தில் அமைய வேண்டும். அழகுக்காக லைட்டோடு வரிசை பிடித்து வைத்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: ஜிப்சம் போர்டு அடிக்கும் முன்பே பெட்டியை மேலே ஏற்றிவிடுங்கள். எட்டங்குல ஓட்டை வழியாக அது பிறகு உள்ளே போகாது.