வளையல் தந்த சிறகு

இராமேசுவரம் என்றதும் கோபுரம் நினைவுக்கு வரும். பாம்பன் பாலம் நினைவுக்கு வரும். அத்தீவிலே புளியங்கொட்டை பொறுக்கி விற்றுக் காசு சேர்த்த சிறுவன் ஒருவனையும் இன்று நாடறியும். 1931-இல் அங்குப் பிறந்த அப்துல் கலாம், அருண் திவாரியுடன் இணைந்து எழுதி 1999-இல் வெளிவந்த தன்வரலாறு ‘அக்னிச் சிறகுகள்’. வாழ்வுக்கு வழிகாட்டி என்று அதனைப் பரிசளிப்போர் பலர். ஆனால், “கனவு காண்” என்ற ஒரு சொல்லோடு நூலை மூடிவிடுகின்றனர் அவர்கள். நாம் திறந்து படிக்கச் சொல்கிறோம்.

சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணமோ ஆயிரம் ரூபாய் அளவில்! தமக்கை தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி விமானப் பொறியியல் கற்றார். கனவு கண்டவர் தம்பி. விலை தந்தவர் தமக்கை. அந்த அம்மையார் படிப்பதற்கு எவர் எதை அடகு வைத்தார்? நூல் கேளாத கேள்வி இது. நாம் கேட்டாக வேண்டிய கேள்வி.

ஐந்தாம் வகுப்பிலே, கோயில் குருக்களின் மகனருகே அமர்ந்திருந்தான் முஸ்லிம் சிறுவன். புதிதாய் வந்த ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை, பின்வரிசைக்கு விரட்டினார். மகன் வழியே செய்தியறிந்த இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, மன்னிப்புக் கேள், இன்றேல் ஊரை விட்டுப் போ என்றார். குருக்களை நாம் பாராட்டுவதா எனச் சில தோழர்கள் முகஞ்சுளிக்கலாம். பாராட்டத்தான் வேண்டும்! நாம் வெறுப்பது பேதத்தை, பிறப்பை அன்று.

இத்துணை உயர்ந்த நூலில் நமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. விமானப்படைத் தேர்வில் இருபத்தைவருள் ஒன்பதாமவராக வந்தார் கலாம், தேவைப்பட்டோர் எண்மர். உள்ளமுடைந்து ரிஷிகேசம் சென்றவருக்கு, விதியை ஏற்றுக்கொள் என்று அறிவுரை தந்தார் சிவானந்தர். அவ்வறிவுரையைப் போற்றி எழுதுகிறார் கலாம். அவர் நம்பிக்கை அவருடையது. அதைப் பழிக்கவில்லை நாம். ஆனால் கேட்கிறோம்: பின்வரிசையும் விதிதானா? விதியென்று சாஸ்திரி வாளாவிருந்தாரா?

விடை அந்நூலிலேயே இருக்கிறது. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள், அவர் பொறுப்பில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. ஆய்ந்தனர், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிலே அமிலக் கசிவு. அது சிறிதென்று கருதியது தம் பிழையே என்று அறிஞர் அவையில் எழுந்து கூறினார் கலாம். பழியை விதியின் மேல் போடவில்லை. தம் மேல் ஏற்றார். குறை களைந்தனர். 1980 சூலை 18-இல் ரோகிணி வானேறியது. கசிவை விதியென்று விட்டிருந்தால் ஏறியிருக்குமா?

ரிஷிகேசத்தில் கேட்டது ஆறுதல். ஸ்ரீஹரிகோட்டாவில் கற்றது அறிவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதீர், இளைஞர்களே! கனவு காணுங்கள், அதற்கு விலை தந்த கைகளை மறவாதீர்கள். உங்கள் இல்லத்திலும் ஒரு தமக்கை இருப்பாள், வெறுங்கையோடு. அவள் சிறகுக்கு நீங்கள் தரப்போவது என்ன?