குதிரைப் பந்தயத் திடலில் இறங்கிய விக்கர்ஸ் விமி

சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி சாப்பிட வருபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், பக்கத்து ஃபேரர் பார்க் திடலில் 1919 டிசம்பர் 4 அன்று ஒரு குண்டுவீச்சு விமானம் இறங்கியது என்று! ஈரடுக்கு இறக்கை, 20 மீட்டருக்கும் அதிகமான அகலம்: விக்கர்ஸ் விமி. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் வந்தது.

அதன் முதல் மாதிரி பறந்தது 1917 நவம்பரில். மாதிரிகளில் ஹிஸ்பானோ சூய்சா, சன்பீம், ஃபியட் என்று எஞ்சின்களை மாற்றிப் பார்த்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள்தான் நிலைத்தது. போருக்காக உருவானது, போர் முடிந்த பிறகே புகழ்பெற்றது. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது.

குதிரைகளுக்கான அந்தத் திடல் இந்த விமானத்துக்குச் சிறியது. தரை தொடும் நேரத்தில் மெக்கானிக் பென்னட் இருக்கையை விட்டு வெளியேறி, உடற்பகுதியின் மேலேயே வாலை நோக்கிச் சறுக்கினார். அவர் எடையில் வால் தாழ்ந்தது. விமானம் சுமார் நூறு கெஜத்துக்குள் நின்றது. என்ன துணிச்சல்! எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் போடாத பிரேக் அது.

டிசம்பர் 10 அன்று விமானக் குழுவினர் ஆஸ்திரேலியாவின் டார்வின் சேர்ந்தார்கள். அந்த விமானம் இன்றும் அடிலெய்ட் விமான நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் அவசியம் பாருங்கள்.