பாசிப் பெண்களின் படங்கள்: முகம் மட்டும் போதுமா?

ராமநாதபுரம் கடற்கரை என்றால் பத்திரிகைகள் காட்டிவந்தவை பாம்பன் பாலம், விசைப்படகு, வலை இழுக்கும் ஆண்கள். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முங்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களின் வேலையோ கரையில் நிற்பவர் கண்ணுக்கே எட்டாது. அங்குள்ள பாரதிநகர்ப் பெண்களோடு புகைப்படக்காரர் எம். பழனிகுமார் கடலுக்குள் போய் எடுத்து, 2019-இல் கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி (PARI) இணையதளத்தில் வெளியான படங்கள் அந்த வேலையை மேலே கொண்டுவந்தன. சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் இறுக்கிச் சுற்றிய துணி: தொழிலின் ஆபத்து முழுவதும் அந்த விரல்களிலேயே தெரிகிறது.

ஆனால் பாசிக்கு என்ன விலை, அதை யார் வைக்கிறார்கள் என்பதைப் படத்தால் காட்ட முடியாது. சட்டத்தையும் காட்ட முடியாது. 1986-இல் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்தபின், தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களே தடைப் பகுதியாயின. வாசகருக்கு இரக்கம் தரும் படம் அதிகாரி கையில் சாட்சியமாகலாம். பெயர் போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடும் என்பதும் சரியல்ல. 1850-இல் தென் கரோலினாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த டீலியா, டிரானா என்ற பெண்களை ஆடை களைந்து படமெடுத்தார்கள். பெயர்கள் பதிவாயின, சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பழனிகுமாரின் வேலையை அதோடு சேர்க்க முடியாது. அவர் அந்தப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்று எடுத்தவர். அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரையன் லாங்கர் 1989-இல் 75 கறுப்பினப் பெண்களின் உருவப்படங்களை நூலாக்கியபோது, ஒவ்வொரு படத்தோடும் அவரவர் பேச்சையே வைத்தார். நமக்கு வேண்டியது அந்த முறை.

படம் சாட்சியமாகலாம் என்றால் முகத்தை மறைப்பதே பாதுகாப்பு என்பார்கள் சிலர். மறைத்தால் அவர்கள் மறுபடியும் பெயரற்ற கூலிகளாவார்கள். மறைப்பதா காட்டுவதா என்பதை அந்தப் பெண்தான் முடிவுசெய்ய வேண்டும். படம் எடுப்பவர் வேலை படம் எடுப்பது, மற்றதைச் செய்தியாளர் எழுதட்டும் என்றும் வாதிடலாம். ஆனால் படம் செய்தியைவிட வெகுதூரம் தனியே போகும். குறிப்பில்லாத முங்கும் பெண் வெறும் நீலத் தண்ணீரின் அழகாகிவிடுவாள். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது முங்கியதற்காக மட்டுமல்ல. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வகுத்ததும் அதற்குக் காரணம். அந்த முடிவெடுக்கும் கூட்டத்தையும் படமெடுங்கள். விலை பேசும் இடத்தில் நிற்கும் அவர்களையும் எடுங்கள். எடுத்ததை வெளியிடும் முன் அவர்களிடம் காட்டுங்கள்.