சீறாப்புராணத்தில் நீரும் தூய்மையும்

1. முன்னுரை

தமிழில் தோன்றிய இசுலாமியக் காப்பியங்களுள் முதலிடம் பெறுவது உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 விருத்தப் பாக்களும் உடைய பெருநூல் அது. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் தொடங்கப்பெற்று, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவால் தொடர்ந்தது. ஏட்டிலிருந்து 1842-இல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிமால் அச்சேறிற்று.

இந்நூலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாட்டுப்படலத்தோடு நின்றுவிடுகின்றனர். அரபு நாட்டின் மணற்பரப்பில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளைவதாகப் புலவர் பாடியிருப்பதைச் சிலர் தமிழ்ப்பற்று என்று போற்றுவர். சிலர் இடப்பொருத்தமற்ற மரபு வருணனை என்று குறை கூறுவர். போற்றுவாரும் குறை கூறுவாரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர்: அந்நீர் காப்பியத்தின் உட்பொருளோடு தொடர்பில்லாத அணி என்பதே அது. அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இசுலாம் தூய்மையை வழிபாட்டின் வாயிலாக வைத்துள்ளது. அத்தூய்மைக்கு முதற்கருவி நீர். ஆகவே சீறாவில் நீர் வரும் இடங்களைத் தொகுத்து நோக்கினால் புலவரின் உள்ளக்கிடக்கை புலப்படும்.

2. நீரின் மூன்று நிலைகள்

சீறாவில் நீர் மூன்று நிலைகளில் காட்சியளிக்கிறது. முதலாவது, வளத்தின் நீர். நாட்டுப்படலத்து மழையும் ஆறும், புனல் விளையாட்டுப் படலத்துப் புனலாட்டும் இதன்பாற்படும். இவை தமிழ்க் காப்பிய மரபு புலவருக்கு அளித்தவை; நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறும் அரபு நூல்கள் அளித்தவை அல்ல.

இரண்டாவது, தேவையின் நீர். வணிகக் கூட்டத்தோடு நாயகம் செல்லும் பயணத்தில் சுரத்திற் புனலழைத்த படலம் அமைந்துள்ளது. பாலையில் நீரின்றி வாடியோர்க்கு நீர் வருவிக்கும் நிகழ்ச்சி அது. முன்னே ஆறாகப் பெருகிய நீர் இங்கே உயிர்காக்கும் துளியாகச் சுருங்குகிறது. நீரின் அருமையை உணர்த்துவதற்கு அதன் பெருமையை முதலில் காட்டுதல் வேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார் போலும்.

மூன்றாவது, தூய்மையின் நீர். நுபுவ்வத்துக் காண்டத்தில், நபிப்பட்டம் பெற்ற படலத்தை அடுத்துத் தொழுகை வந்த வரலாற்றுப் படலம் வருகிறது. இபுனு இசுகாக்கு முதலிய பண்டை வரலாற்றாசிரியர் இந்நிகழ்ச்சியைக் கூறியுள்ளனர். வானவர் தலைவர் சிபுறயீல் தோன்றி நிலத்தைத் தாக்க, அவ்விடத்தில் ஊற்றுப் பிறந்தது. அவர் கை, முகம், கால் முதலிய உறுப்புகளைக் கழுவிக் காட்ட, நாயகம் அவ்வாறே செய்தார். பின்னர் இல்லம் சென்று கதீசா நாயகியார்க்குக் கற்பித்தார். தமிழ் முசுலிம்கள் ஒளு என்று வழங்கும் உறுப்புத் தூய்மையின் தோற்றம் இது.

இம்மூன்றனுள் பின்னிரண்டும் வரலாற்றுச் செய்திகள் என்றும், அவற்றின் வரிசை புலவர் வகுத்ததன்று என்றும் ஒருவர் தடை நிகழ்த்தலாம். அது மெய்யே. ஆயினும் முதல் நிலையைக் கொணர்ந்து முன் வைத்தவர் புலவரே. தமிழ் மரபின் நீரை முதலில் ஓடவிட்டு, அதனைச் சுரத்தில் சுருக்கி, முடிவில் ஓர் ஊற்றின் அளவாக்கி வழிபாட்டின் வாயிலில் நிறுத்துகிறது காப்பியம். கற்பவன் நாட்டுப்படலத்தில் கண்ணால் கண்ட நீரைத் தொழுகைப் படலத்தில் கருத்தால் காண்கிறான். எனவே நாட்டுப்படலத்து நீரை வெற்றணி என்று ஒதுக்குதல் ஒருபாற்கோடிய முடிபாகும்.

அளவு பற்றிய செய்தியொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாயகம் ஒரு முத்து அளவு நீரால் ஒளுச் செய்தார் என்பது நபிமொழித் தொகுப்புகள் தரும் செய்தி. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஓடும் ஆற்றங்கரையில் இருப்பினும் நீரை வீணாக்கலாகாது என்னும் அறிவுரையும் அவர்பால் ஏற்றிக் கூறப்படுகிறது. பெருக்கின் நடுவிலும் ஓர் அள்ளலே தூய்மைக்குப் போதும் என்னும் இந்நெறிக்கு, ஆற்றிலிருந்து ஊற்றுக்கு வந்த காப்பியப்போக்கு இயைந்து நிற்கிறது.

3. நெஞ்சு முன், உறுப்புப் பின்

விலாதத்துக் காண்டத்தில் இலாஞ்சனை தரித்த படலம் என்று ஒன்று உண்டு. செவிலித்தாய் அலிமாவின் இல்லத்தில் நாயகம் வளர்ந்த காலத்தில், வானவர் வந்து அவர் மார்பைத் திறந்து இதயத்தைத் தூய்மை செய்த நிகழ்ச்சியைக் கூறுவது அது. உறுப்புகளைக் கழுவும் முறை வானிலிருந்து வருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நெஞ்சு கழுவப்பெற்றது. கழுவிய பின்னரே முத்திரை பொறிக்கப்பட்டது என்னும் வரிசையும் நோக்கத்தக்கது.

புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் விளங்கும் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் பகுத்தார். அவர் இரண்டையும் அருகருகே வைத்தாரேயன்றி ஒன்றை விலக்கவில்லை. சீறாவிலோ அகத்தூய்மைக்கும் நீரே உருவகமாகிறது. இதயமும் கழுவப்படுகிறது, உறுப்பும் கழுவப்படுகிறது. அகம் முன்னும் புறம் பின்னுமாக வரும் இவ்வமைப்பால், புறக்கழுவல் அகக்கழுவலை நினைவூட்டும் குறியாக உயர்கிறது.

இதற்கு மறுதலையாகப் புறத்திலிருந்து அகத்திற்குச் செல்லும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலத்திற்கு மூலமாகிய வரலாறே அது. நாயகத்தைக் கொல்ல வாளோடு புறப்பட்ட உமறு, தம் தங்கை வீட்டில் திருமறைப் பகுதி ஓதப்படுவதைக் கேட்டுச் சினந்து அவரைத் தாக்கினார். குருதி கண்டு உள்ளம் நெகிழ்ந்து, அவ்வேட்டைத் தருமாறு வேண்டினார். தூய்மையற்ற நிலையில் அதனைத் தொடலாகாது என்று தங்கையார் கூறவே, எழுந்து சென்று தம்மைக் கழுவி வந்தார், படித்தார், மனம் மாறினார். வாளேந்திய கை ஏட்டை ஏந்துவதற்கு இடையில் நின்றது சிறிது நீரே. அந்நீர் அழுக்கை மட்டும் அகற்றிற்று என்று கூறுதல் சாலாது. தங்கையின் சொல்லுக்கு இணங்கி எழுந்தபோதே அவருடைய செருக்குக் கழுவப்படத் தொடங்கிற்று என்க.

4. தூய்மையும் துப்புரவும்

இக்காலத்தில் இசுலாமியத் தூய்மை பற்றி எழுதுவோர் பலர் அதனை உடல்நல நெறியாகவே விளக்குகின்றனர். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது, கைகழுவுதலின் சிறப்பை நாளும் ஐவேளைத் தொழுகையோடு இணைத்துப் பேசும் வழக்கு மிகுந்தது. பல் துலக்குதல், நகம் களைதல், உண்ணுமுன் கைகழுவுதல், மலசலம் கழித்தபின் நீரால் கழுவுதல் ஆகியவற்றை அந்நெறி வற்புறுத்துவது உண்மை. அவற்றால் நலம் விளைவதும் உண்மை. ஆயினும் பயனையே பொருளாகக் கொள்வது ஆராய்ச்சியாகாது.

திருமறையின் 5-ஆம் அத்தியாயத்து 6-ஆம் வசனம் ஒளுவின் உறுப்புகளை வகுக்கிறது: முகம், முழங்கை வரை கைகள், தலை, கணுக்கால் வரை கால்கள். அதே வசனம், நீர் கிடையாதபோது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளுமாறு பணிக்கிறது. தயம்மும் எனப்படுவது இது. அழுக்கு நீக்குவதே நோக்கமாயின் மண்ணைத் தடவுவது அதற்கு முரணாகும். தமிழகக் கடற்கரை முசுலிம்கள் பெரும்பாலும் தழுவும் ஷாபிஈ நெறி ஒளுவுக்கு ஆறு கடமைகளைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது நிய்யத்து, அதாவது உள்ளத்தில் கொள்ளும் கருத்து. கருத்தின்றி உறுப்புகளை எத்தனை முறை கழுவினும் அந்நெறிப்படி அது ஒளு ஆகாது. ஹனபி நெறி நிய்யத்தைக் கடமையாக்காது சிறப்பாகக் கொள்ளும்.

அரபு மொழி தஹாரத்து, நளாபத்து என்னும் இரு சொற்களால் இவ்வேறுபாட்டைக் காட்டும். முன்னது வழிபாட்டுக்குரிய தூய்மை, பின்னது அழுக்கின்மை. தமிழிலும் இதற்கு இடமுண்டு. வால் என்னும் பழஞ்சொல் வெண்மையையும் தூய்மையையும் ஒருங்கே குறித்தது. வாலறிவன் என இறைவனையும், வாலாமை என விலக்கு நிலையையும் அது உணர்த்திற்று. குறளில் நுகர்பொருளைக் குறித்த துப்புரவு என்னும் சொல், இன்று அழுக்ககற்றும் செயலைக் குறிக்கிறது. தஹாரத்தைத் தூய்மை என்றும் நளாபத்தைத் துப்புரவு என்றும் ஆளுதல் ஆய்வாளர்க்குத் தெளிவு தரும். இரண்டையும் சுத்தம் என்ற ஒரே சொல்லால் வழங்குவதே மயக்கத்திற்குக் காரணம்.

5. ஆசாரக்கோவையோடு ஒப்பீடு

தமிழில் நாள்தோறும் ஒழுகவேண்டிய தூய்மை நெறிகளைத் தொகுத்துரைக்கும் பழைய நூல் பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சார்ந்த இந்நூல் நூறு வெண்பாக்களில் துயிலெழுதல், பல் துலக்கல், நீராடல், உண்ணல் ஆகியவற்றின் முறைகளைக் கூறுகிறது. வடமொழி நூலின் வழி வந்தது என்பதைச் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது.

நீராட வேண்டிய சமயங்கள் பத்து என இந்நூல் எண்ணுகிறது. அவற்றுள் மணவுறவின் பின் நீராடுதல் இசுலாமியச் சட்டத்திலும் கடமையான குளிப்பாகும். வழிபாட்டின் முன் நீராடுதலுக்கு இணையாக அங்கே ஒளுவும் வெள்ளிக்கிழமைக் குளிப்பும் உள்ளன. இவ்வளவில் இரு நெறிகளும் அண்டை வீட்டார் போல் நெருங்கி நிற்கின்றன. கீழ்மக்களின் உடம்பைத் தீண்டினால் நீராட வேண்டும் என்னும் இடத்திலேயே அவை பிரிகின்றன.

ஒளுவை முறிப்பன எவை என்று இசுலாமியச் சட்டநூல்கள் நுணுகி ஆராய்கின்றன. உறக்கம், மலசலம் கழித்தல் போல்வன அங்கே உள்ளன. ஆண்பெண் தீண்டல் பற்றி நெறிதோறும் கருத்து வேறுபாடு உண்டு. நாய் வாயிட்ட கலத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண்ணால், கழுவவேண்டும் என்பது ஷாபிஈ நெறி. ஆனால் இன்ன குடியிற் பிறந்தவரைத் தொட்டால் தூய்மை கெடும் என்னும் விதி எந்த நெறியிலும் இல்லை. இணைவைப்போர் தூய்மையற்றோர் என்னும் 9-ஆம் அத்தியாயத்து 28-ஆம் வசனத்தை எதிர்ச்சான்றாகக் காட்டக்கூடும். பெரும்பான்மைச் சட்ட அறிஞர் அதனைக் கொள்கை பற்றியதாகவே கொண்டனர். உடம்பு பற்றியதாகக் கொள்ளவில்லை. மனித உடம்பு இயல்பிலேயே தூயது என்பது அவர்தம் முடிபு.

நூல்நெறி வேறு, சமுதாய வழக்கு வேறு என்பதை மறத்தலாகாது. தமிழ் முசுலிம் சமுதாயத்திலும் தொழிலும் குடிவழியும் பற்றிய மேல்கீழ் எண்ணம் தலைகாட்டியதுண்டு. எனினும் அவ்வெண்ணத்திற்குத் தூய்மைச் சட்டம் துணை நிற்கவில்லை. பள்ளிவாசலின் ஹவுளு என்னும் நீர்த்தொட்டியைச் சுற்றி அமர்வோர் அனைவரும் ஒரே நீரை முகந்தே கழுவுகின்றனர். தூய்மையைக் காரணமாகக் காட்டி மாந்தரைக் குளத்திலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலக்கிய நாட்டில், தூய்மையைக் காரணமாகக் கொண்டே மாந்தரை ஒரு நீர்த்துறையில் கூட்டியது இந்நெறி. தமிழில் தூய்மை என்னும் கருத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை விட்டுச் செல்ல இயலாது.

6. காப்பியம் கூறாதன

தூய்மைச் சட்டத்தின் விரிவைச் சீறாவில் தேடுதல் பொருந்தாது. எந்நீர் தூயது, எவ்வளவு நீர் மாசு கலந்தும் கெடாது என்பனவற்றை உரைப்பது காப்பியத்தின் பணியன்று. பத்து முழ நீள அகலமுடைய தொட்டி நீரைப் பெருநீராகக் கொள்ளும் ஹனபி வழக்கும், இரண்டு குல்லத்து என்னும் ஷாபிஈ அளவும் உரைநடை நூல்களுக்கே உரியன. அவை தமிழில் உள்ளன. அரபு எழுத்தில் உள்ளன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய பத்ஹுத் தய்யான் போன்ற அரபுத்தமிழ் நூல்கள், பேச்சுத்தமிழின் ஆற்றலைக் கொண்டு நுண்ணிய சட்டப்பொருளை விளக்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் இவற்றை நோக்காமைக்கு எழுத்து வடிவம் ஒன்றே காரணம். மொழி தமிழாயிருக்க, எழுத்து வேறு என்பதற்காக நூலை ஒதுக்குதல் புறத்தைக் கண்டு அகத்தை இழப்பதாகும்.

இவ்விடத்து உமறுப்புலவரைப் பற்றிய செவிவழிச் செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. வரலாற்றுச் செய்திகளை வேண்டிப் புலவர் சதக்கத்துல்லா அப்பாவை அணுகியபோது, அவருடைய அரசவைப் புலவர்க்குரிய உடைக்கோலத்தைக் கண்டு அப்பெரியார் முதலில் மறுத்தார் என்றும், பின்னர் கனவில் ஆணை பெற்று இசைந்தார் என்றும் கூறுவர். இது வரலாறாயினும் புனைவாயினும், புறக்கோலத்தால் அளக்கப்பட்ட புலவர் அகத்தால் ஏற்கப்பட்டார் என்பதே அதன் கருத்து. அவர் காப்பியத்தின் தூய்மைக் கொள்கையும் அதுவே.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீறாவில் நீர் வெற்றணியாக நில்லாமல் வளம், தேவை, தூய்மை என வளர்ந்து செல்லும் கருத்தாக அமைந்துள்ளமை பெறப்படும். அகத்தூய்மையை முன்னும் புறத்தூய்மையைப் பின்னும் வைத்த முறையால் குறளோடும் அது உறவு கொள்கிறது. தூய்மை என்பது உடல்நலத்தில் அடங்குவதன்று என்பதையும், பிறப்பால் அளக்கப்படுவதன்று என்பதையும் அக்காப்பியத்தின் சமய அடிப்படை காட்டுகிறது. சீறாவை நாட்டுப்படலத்தோடு மூடி வைக்காமல் தொழுகைப் படலம் வரையிலேனும் தொடர்ந்து கற்பிப்பதும், அரபுத்தமிழ்ச் சட்டநூல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து ஆய்வுப் பதிப்புகளாக வெளியிடுவதும் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகளாம்.