தொண்ணூற்றோராம் சங்கீதமும் கீழ்ப்படியாமையின் உரைமரபும்

இறைவன் கட்டளையை மீறுவோருட் பலர் வேதநூலை மூடிவைத்துவிட்டு மீறுவர். வேறுசிலர் அதனைத் திறந்துவைத்து, ஒரு வசனத்தின்மேல் விரலை ஊன்றிக்கொண்டே மீறுவர். இவ்விரண்டாம் வகையினரை விவிலியமே நன்கறியும். முதலாம் சாமுவேல் நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில், அமலேக்கியரின் கால்நடைகளில் ஒன்றையேனும் விட்டுவைத்தலாகாது என்ற ஆணையைச் சவுல் அரசன் மீறுகின்றான், கொழுத்தவற்றை வைத்துக்கொள்கின்றான். ஆடுகள் கத்தும் ஓசை தீர்க்கதரிசியின் காதில் விழுந்தபோது அவன் கூறும் சமாதானம், அவை ஆண்டவருக்குப் பலியிடற்கு என்பதாகும். பலியும் வேதம் விதித்ததன்றோ! மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு எடுத்துக்காட்டும் கொர்பான் வழக்கமும் இத்தகையதே. பெற்றோருக்கு உதவவேண்டிய பொருளைக் காணிக்கையென்று நேர்ந்துவிட்டு, நேர்த்திக்கடனை மீறலாகாது என்ற விதியைக் காட்டிப் பெற்றோரைக் கைவிடுதல். ஈரிடத்தும் வேதத்தின் ஒரு விதி மற்றொரு விதியை உடைப்பதற்குக் கருவியாகின்றது. இதனை அறியாமை என்று சொல்லிவிட இயலாது. இஃது ஒருவகை உரைகாணும் முறை. உரைகாணும் முறையாகவே இதனை ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து அரியாலையிலுள்ள கிறித்தவ ஆலயம் ஒன்றில் ஆராதனை நடைபெற்றது. அதனை நடத்தியவர் சுவிற்சலாந்திலிருந்து வந்திருந்த போதகர். அவர் திரும்பிச் சென்றபின் அவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பது உறுதியாயிற்று. மார்ச் 20ஆம் நாள் மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. 22ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் முதற் தொற்றாளர் அடையாளங் காணப்பட்டார். அவர் அப்போதகரைச் சந்தித்தவர். ஆராதனைக்குச் சென்றிருந்தோர் தேடி அறியப்பட்டுத் தனிமைப்படுத்தப்பட்டனர்.

அவ்வாராதனையைக் குற்றங்கூறுதல் எமது நோக்கமன்று. அது நிகழ்ந்தபோது ஊரடங்கு இல்லை. வந்தோர் நல்லெண்ணத்துடனேயே வந்தனர். அந்நாட்களில் எங்கும் கேட்ட இருவகைப் பேச்சுகளே எமக்குப் பொருளாவன. ஒன்று, விசுவாசியைக் கொள்ளைநோய் தீண்டாது, ஆதலின் கூடுதலைத் தவிர்ப்பது அவிசுவாசம் என்பது. மற்றொன்று, நோயுற்றோர் தெய்வத்தின் தண்டனையைப் பெற்றனர் என்பது. முன்னதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது பெரும்பாலும் தொண்ணூற்றோராம் சங்கீதம். கத்தோலிக்கர் திருப்பாடல் என வழங்குவதும் இதனையே. இவ்வசனங்கள் அச்சடித்த அட்டைகளாகக் கதவுகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உலவிய காலம் அது.

இச்சங்கீதம் எவ்வகை இலக்கியம் என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். அது இரவில் வரும் அச்சம், பகலிற் பறக்கும் அம்பு, இருளில் உலவும் கொள்ளைநோய், நண்பகலில் வரும் அழிவு என ஆபத்துகளைப் பொழுதுவாரியாக அடுக்குகின்றது. தமிழிற் கவச நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வடுக்கு புதிதன்று. வரதுங்கராம பாண்டியரின் சிவகவசமும் தேவராய சுவாமிகளின் கந்தசஷ்டி கவசமும் உறுப்புவாரியாகவும் இடர்வாரியாகவும் காப்பு வேண்டுவன. யூத மரபும் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை இவ்வாறே கண்டது. 1956இற் கும்ரானின் பதினொராங் குகையிற் கண்டெடுக்கப்பட்ட சுருளொன்று, பேயோட்டும் பாடல்கள் சிலவற்றோடு இச்சங்கீதத்தையும் ஒருங்கே வைத்துள்ளது. ஆகவே இது காப்புப் பாடல். காப்புப் பாடலின் மொழி வேண்டுதலின் மொழி, துணிவூட்டும் மொழி. அதனைக் காப்புறுதிப் பத்திரத்தின் வாசகம்போற் படித்தல் இலக்கிய வகையை மயங்கக் கொள்வதாகும்.

யூத மறைநூலோரும் இம்மயக்கத்தின் அபாயத்தை உணர்ந்திருந்தனர். யோசுவா பென் லேவி என்னும் ரபி உறங்குமுன் இச்சங்கீதத்தை ஓதுவார் எனத் தல்மூது கூறுகின்றது. உடனே ஒரு தடை எழுப்பப்படுகின்றது: வேதவசனத்தாற் தன் நோயைக் குணப்படுத்திக்கொள்ளுதல் ஆகாது என்று கற்பித்தவரும் அவரேயல்லரோ? காப்பு வேண்டுதல் வேறு, மருந்தாகக் கொள்ளுதல் வேறு என்பது விடை. மிக நுண்ணிய வேறுபாடு இது. எம் காலத்து அட்டைகள் இதனைத் தவறவிட்டன.

அடுத்து, கூற்று. ஒரு பாட்டில் யார், யாருக்குச் சொல்கின்றார் என்று கேளாமற் பொருள் காணலாகாது என்பது தொல்காப்பியம் எமக்குக் கற்பித்த பாடம். இச்சங்கீதத்தில் மூன்று குரல்கள் உள. முதலிரு வசனங்கள் உன்னதரின் மறைவில் வாழும் அடியவனையும் அவனது அறிக்கையையும் தருவன. மூன்றாம் வசனம் முதற் பதின்மூன்றாம் வசனம் வரை, பெயரறியாத ஒருவர், ஆலயத்துப் பணியாளராயிருக்கலாம், அவ்வடியவனைப் பெரும்பாலும் ‘நீ’ என விளித்துத் தேற்றுகின்றார். பதினான்கு முதற் பதினாறு வரையுள்ள இறுதி மூன்று வசனங்களிலேயே இறைவன் தானே பேசுகின்றான். வாதை கூடாரத்தை அணுகாது என்னும் பத்தாம் வசனம் தேற்றுவோர் கூற்று. இறைவன் கூற்றாகிய பதினைந்தாம் வசனமோ, இடுக்கணில் அடியவனோடு இருப்பேன் என்கின்றது. இடுக்கண் வாராதாயின் இடுக்கணில் உடனிருத்தல் எங்ஙனம் கூடும்? பத்தாம் வசனத்தைப் பதினைந்தாம் வசனத்தோடு சேர்த்துப் படிக்கும்போதே பாட்டின் பொருள் நிறைவுறும். தொலைவிற் கிடக்கும் அடிகளை இயைத்துப் பொருள் கொள்வதைத் தமிழிலக்கணம் மாட்டு என்னும். நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் இதனை அளவிறந்து கையாண்டாரென மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியிற் கண்டித்தார். இங்கே நேர்ந்துள்ள பிழை அதற்கு மறுதலையானது. ஐந்து வசனம் தள்ளியிருப்பதைக்கூட இயைத்துப் பாராத பிழை.

இப்பாட்டைப் பிழைபடப் படித்த முதல்வன் யாரென்பதை நற்செய்தி நூல்களே கூறுகின்றன. மத்தேயு நான்காம் அதிகாரத்திற் சாத்தான் இயேசுவை ஆலயத்து உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்குமாறு ஏவுகின்றான். தூதர் தாங்குவர் என்பதற்கு இச்சங்கீதத்தின் பதினொராம் பன்னிரண்டாம் வசனங்களை எடுத்தோதுகின்றான். அவன் ஓதியதில் உன் வழிகளிலெல்லாம் என்னும் கருத்துடைய தொடர் விடுபட்டிருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னாட் இச்சங்கீதத்தின்மேற் பதினேழு உபதேசங்கள் செய்தார். வழிகளிற் காப்பு உண்டென்றால் அது பாறை விளிம்பிலிருந்து பாய்வதற்கன்று என்பது அவர் காட்டிய நயம். சாத்தானுக்கு இயேசு தந்த மறுமொழி வேறொரு வசனம்: கடவுளைச் சோதித்தலாகாது என்னும் உபாகமம் ஆறாம் அதிகாரக் கட்டளை. மாசாவில் நீரில்லாதபோது இறைவன் எம்மோடு இருக்கின்றானா இல்லையா என்று மக்கள் வழக்காடியதை நினைவூட்டுவது அக்கட்டளை. வசனத்துக்கு வசனம் என்னும் சொற்போராக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. வாக்குறுதி கட்டளைக்குள் அடங்கியே பொருள்படும் என்பதே இயேசு கையாண்ட உரைமுறை.

இவ்விடத்து 1527ஆம் ஆண்டை நோக்குதல் பயன்தரும். அவ்வாண்டிற் விற்றன்பேர்க் நகரிற் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகம் யேனாவுக்குப் பெயர்ந்தது. மாட்டின் லூதர் நகரிலேயே தங்கி நோயாளரைக் கவனித்தார். சாவுநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவிலிருந்து யொகான் ஹெஸ் என்னும் குரு கேட்டதற்கு அவர் வரைந்த மறுமொழி அச்சில் வந்தது. கடமையை விட்டோடுவோரை அவர் கடிந்தார். மருந்துண்ணாமலும் நோயுள்ள இடத்தை விலகாமலும் திரிந்து, காப்பதாயின் இறைவன் மருந்தின்றியே காப்பான் எனப் பேசுவோரையும் அதேயளவு கடிந்தார். அது நம்பிக்கையன்று, கடவுளைச் சோதித்தல் என்றார். வியப்பு யாதெனில், அதே கடிதத்தில் தொண்ணூற்றோராம் சங்கீதத்தை அவரும் எடுத்தாள்கின்றார். ஆனால் யாருக்கு? நோயாளரின் அருகிருந்து தொண்டு செய்வோருக்கு. பிறர்பொருட்டு ஆபத்துக்குள் நுழைபவனைத் தேற்றும் வசனம், பிறருக்கு ஆபத்து விளைப்பவனுக்கு அனுமதிச் சீட்டாகாது.

சைவ மரபிலும் இதற்கொரு நிகழ்ச்சி உண்டு. தமிழ்ச் சங்கத்தார்க்கு அதனை நினைவூட்டுதல் மிகையாகாது. திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் பாடியது திருமறைக்காட்டிலே. நாளும் கோளும் நன்றல்லவென நாவுக்கரசர் தடுத்தபோது பாடப்பட்டது அது. மங்கையர்க்கரசியாரின் வேண்டுகோளை ஏற்று மதுரைக்குப் புறப்பட்டவர் வாயில் அப்பதிகம் பிறந்தது. வீணே துணிச்சல் காட்டியவர் வாயிலன்று. மதுரை சேர்ந்த இரவே அவர் தங்கிய திருமடத்திற் தீ வைக்கப்பட்டதெனப் பெரியபுராணம் கூறும். பதிகம் பாடியவர்க்கும் இடுக்கண் வந்தது. அருள் அவ்விடுக்கணின் நடுவே நின்றது. சேக்கிழார் இதனை மறைக்க முயலவில்லை.

எடுத்தாளப்பட்ட ஏனைய வசனங்களை விரித்தல் வேண்டா. எபிரெயர் நிருபம் பத்தாம் அதிகாரம் சபை கூடுதலை விடலாகாது என்பது மெய். ஆனால் அதற்கு முந்திய வசனம் அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் தூண்டுதலையே கூடுதலின் பயனாக வைத்துள்ளது. மனிதரினும் கடவுளுக்கே கீழ்ப்படிதல் வேண்டுமென்ற பேதுருவின் சொல், இயேசுவின் பெயரைச் சொல்லாதே என்ற தடைக்கு மறுமொழி. சுகாதாரப் பரிசோதகருக்கு மறுமொழியன்று. மறுதரப்பினரும் பிழையினின்று தப்பினாரல்லர். லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரம் தொழுநோயாளி மேலுதட்டை மூடவேண்டும் என்பதைக் காட்டி, முகக்கவசத்தை மோசேயே விதித்துவிட்டார் என்று எழுதினோரும் உளர். அது துக்கங்கொண்டாடுவோரின் அடையாளம். எசேக்கியேல் இருபத்துநான்காம் அதிகாரத்தை ஒப்புநோக்கினால் விளங்கும். நல்ல முடிவுக்காகச் செய்யினும் பிழையுரை பிழையுரையே.

இனி, தண்டனைப் பேச்சு. இதனைப் பேசியோருட் கிறித்தவரும் பிறரும் இருந்தனர். பிறன்மதத்தான் நோயுறும்போது யாவருக்கும் இறையியல் வந்துவிடுகின்றது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மரும் ஏனையோரிற் பெரிய பாவிகளோ என்று லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு வினவி, அல்லர் என்று தாமே விடையிறுக்கின்றார். பிறவிக்குருடனைக் கண்ட சீடர் பாவஞ் செய்தவன் இவனோ பெற்றோரோ எனக் கேட்டதற்கு, யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், இருவருமல்லர் என்கின்றார். இத்துணைத் தெளிவாக விலக்கப்பட்ட ஒன்றை வேதத்தின் பேராற் பேசுவதும் கீழ்ப்படியாமையே. பிறனை அன்புசெய் என்ற கட்டளையிலிருந்து நழுவுதற்கு அது தரும் வசதி பெரிது: தண்டிக்கப்பட்டவனுக்கு உதவவேண்டிய கடன் இல்லையன்றோ!

யாழ்ப்பாணத்துக் கிறித்தவத்துக்கு இவ்விரு பேச்சும் அயலானவை என்றே யாம் கருதுகின்றோம். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவரும் அவர் மாணாக்கரும் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழாக்கினர். செபித்த கையாலேயே மருந்தும் கலந்தவர் அவர். இரண்டுக்குமிடையில் முரண்பாடு இருப்பதாக அவர் கொண்டாரல்லர். கொள்ளைநோயைப் பற்றிய வேதவசனத்தையும் கொள்ளைநோயைப் பற்றிய மருத்துவ அறிவையும் ஒரே தமிழிற் படிக்கும் வாய்ப்பைப் பெற்ற மண் இது. 1850இல் அச்சான பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலர் துணைநின்றார். பின்னர் 1854இல் அவரே சைவதூஷண பரிகாரம் எழுதி, பாதிரிமார் தம் வேதத்தில் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடுகின்றனர் என்று வழக்குரைத்தார். அவர் முடிபுகளை ஏற்பினும் மறுப்பினும், நூல் முழுவதையும் படித்துவிட்டுப் பேசு என்ற அவ்வறைகூவலுக்குக் கிறித்தவர் இன்னும் கடன்பட்டோரே.

தனிமைப்படுத்தல் குறித்து விவிலியத்தில் ஒரு காட்சியை எடுத்துரைப்பார் அரியர். எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், மோசேயின் தமக்கை மிரியாம் தோல்நோயுற்று ஏழு நாள் பாளையத்துக்குப் புறம்பே வைக்கப்படுகின்றாள். அவ்விடத்து நோய் தண்டனை என்றே நூல் கூறுகின்றது. அதனை யாம் மறைக்கவில்லை. ஆயினும் அவ்வேழு நாளும் மக்கள் புறப்படவில்லை. மிரியாம் திரும்பச் சேர்க்கப்படும்வரை பாளையம் முழுவதும் அதே இடத்தில் காத்திருந்தது.