அணுவும் மஞ்சள் பிசினும்

பள்ளிக்கூடத்தில் அணுவின் கதையை மாடிப்படி ஏறுவது போலச் சொல்லித் தந்தார்கள். டெமாக்ரிடஸ் ஒரு படி, டால்டன் ஒரு படி, அப்புறம் தாம்ஸன், ரூதர்ஃபோர்டு, போர். ஆளுக்கு ஒரு படம், கீழே ஐந்து மார்க் கேள்வி. டால்டன் 1808-ல் புத்தகம் போட்டு ஏறக்குறைய நூறு வருஷம் வரைக்கும், 'அணு நிஜமா, கணக்குக்கு வசதியான கற்பனையா?' என்று பெரிய பெரிய ஆசாமிகள் சண்டை போட்டதைச் சொல்லவே இல்லை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக், யாராவது அணு என்று வாயைத் திறந்தால் 'நீ ஒண்ணையாவது பார்த்திருக்கியா?' என்று மடக்குவாராம். நியாயமான கேள்விதானே!

அதற்கு உருப்படியான பதில், பிரெஞ்சுக்காரர் ழான் பெரின் 1913-ல் எழுதிய 'அணுக்கள்' என்ற புத்தகம். 1916-ல் இங்கிலீஷில் வந்துவிட்டது. முதல் அத்தியாயம் கெமிஸ்ட்ரி பாடம், கொட்டாவி வரும். மூன்றாவது அத்தியாயத்தில்தான் மனிதர் விஸ்வரூபம் எடுக்கிறார்.

நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஓயாமல் துள்ளுவதை 1827-ல் ராபர்ட் பிரவுன் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதால்தான் அந்தத் துள்ளல் என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். பெரினின் யோசனை எளிமையானது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது இல்லையா? துகளும் ஒரு ராட்சச மூலக்கூறு மாதிரிதான் நடந்துகொள்ளும் என்றால், தண்ணீருக்குள்ளும் அப்படியே மேலே போகப்போக மெலிய வேண்டும்.

இதற்கு அவர் எடுத்தது காம்போஜ். வாட்டர்கலர் ஓவியர்கள் உபயோகிக்கும் மஞ்சள் மரப் பிசின். ஒரு கிலோ பிசினை ஆல்கஹாலில் கரைத்து, நீரில் விட்டு, சுற்றிச் சுற்றிப் பிரித்து, மாசக்கணக்கில் மெனக்கெட்டதில் ஒரே அளவான துகள்கள் மிஞ்சியது ஒரு கிராமுக்கும் குறைவு. அதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள தொட்டியில் விட்டு, மட்டம் மட்டமாக எண்ணினார். துள்ளுகிற துகளை எப்படி எண்ணுவது? தகட்டில் ஊசியால் துளை போட்டுப் பார்வையைக் குறுக்கிவிட்டார். ஒரு பார்வைக்கு நாலைந்துதான் தெரியும், சட்டென்று எண்ணிவிடலாம். இப்படி 13,000 துகள்கள். 30 மைக்ரான் ஏறினால் ஏறக்குறைய பாதி. 100, 47, 22.6, 12. ஆக்ஸிஜன் வாயு இப்படிப் பாதியாவதற்கு 5 கிலோமீட்டர் ஏற வேண்டும். பிசின் துகளின் எடை தெரியும். 5 கிலோமீட்டரையும் 30 மைக்ரானையும் ஒப்பிட்டால் ஆக்ஸிஜன் மூலக்கூறின் எடை கையில். பார்க்காத ஒன்றைத் தராசில் வைத்துவிட்டார்!

புத்தகத்தின் கிளைமாக்ஸ் கடைசியில் வரும் ஒரு சாதாரண அட்டவணை. 32 கிராம் ஆக்ஸிஜனில் எத்தனை மூலக்கூறு? (அவகாட்ரோ எண் என்று அதற்குப் பெயர் வைத்ததே பெரின்தான்.) வாயுவின் பிசுபிசுப்பு, பிசின் துகள், வானத்தின் நீலம், சூடான பொருளின் ஒளி, ரேடியம் உமிழும் ஹீலியம் என்று ஒன்றுக்கொன்று ஸ்நானப் பிராப்தி இல்லாத ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வழிகள். விடைகள் எல்லாம் 60-க்கும் 75-க்கும் நடுவில், பின்னால் 22 சைபர். அணு வெறும் கற்பனை என்றால் இத்தனை சாட்சிகளும் எப்படி ஒரே கதையைச் சொல்லும்?

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பெரின் தன் பிசினுக்கு மற்றவற்றைவிட அதிக மரியாதை தருகிறார். அதில் வந்த விடை 68. இன்றைக்கு நாம் வைத்திருப்பது 60.2. அவர் இரண்டாம் பட்சமாக வைத்த சில வழிகள் இன்னும் கிட்டத்தில் போயிருக்கின்றன. சொந்தப் பிள்ளைப் பாசம்! ஆனாலும் வாதம் சாயவில்லை. அதன் பலம் எந்த ஒரு எண்ணிலும் இல்லை, எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றதில் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு இதைத்தான் கோட்டை விட்டன.

அணுவை எதிர்த்தவர்களில் முக்கியமான ஆஸ்ட்வால்ட், இந்தச் சோதனைகள் வெளிவரத் தொடங்கியதுமே தோல்வியைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அணுவுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய போல்ட்ஸ்மனுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. 1906 செப்டம்பரில் ட்ரியெஸ்ட் பக்கத்தில் துயினோ என்ற கடற்கரை ஊருக்குக் குடும்பத்தோடு போன இடத்தில் தூக்கு மாட்டிக்கொண்டார். எதிரிகள்தான் கொன்றார்கள் என்று எழுதுவது சினிமா வசனம். அவருக்கு நெடுநாள் மனச்சோர்வு இருந்தது. ஆனால் இன்னும் இரண்டு வருஷம் தாங்கியிருந்தால்... என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படிக்க விரும்புகிறவர்கள் முன்னுரையை விட்டுவிடாதீர்கள். அதில் பிரிட்டனி கடற்கரையின் வளைவு நெளிவுகளைப் பற்றி பெரின் போகிறபோக்கில் சொன்னதைப் பின்னாளில் மாண்டல்பிராட் தன் ஃப்ராக்டல் கணிதத்துக்கு முன்னோடியாக எடுத்துக்காட்டினார். அதை முடித்துவிட்டு நேராக மூன்றாவது அத்தியாயத்துக்குத் தாவிவிடலாம். கெமிஸ்ட்ரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.