வலைக்குப் பின்னால் ஒரு முகம்

2017 அக்டோபர் 22 அன்று டென்மார்க்கின் ஒடென்சே நகரில், டென்மார்க் ஓப்பன் இறகுப்பந்து இறுதியாட்டத்தை இந்திய வீரர் ஸ்ரீகாந்த் கிடாம்பி 25 நிமிடங்களில் முடித்தார். எதிரில் ஆடியவர் தென் கொரியாவின் லீ ஹியூன் இல். 21-10, 21-5, மொத்தம் 57 புள்ளிகள். முதல் செட் முடிந்ததும் இருவரும் பக்கம் மாறினார்கள். ஆகவே எல்லைக் கோட்டுக்குப் பின்னால் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஸ்ரீகாந்தின் முகம் ஒரு செட்டில்தான் கிடைத்திருக்கும்: 31 புள்ளிகள் அல்லது 26. மற்ற செட்டில் முதுகுதான். இத்தனை குறைந்த வாய்ப்பில் கேமராவின் எந்த ஆட்டோஃபோகஸ் அமைப்பு காப்பாற்றும், எது கைவிடும் என்பதே கேள்வி. இந்த இறுதியாட்டத்தை விடக் கடினமான சோதனைக்களம் இதற்குக் கிடைப்பது அரிது.

கேமரா நிறுவனங்கள் சொல்லும் வழி எளிது. தொடர் ஃபோகஸைப் போடுங்கள் (கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி), கண்ணைக் கண்டறியும் வசதியை இயக்குங்கள், சட்டகம் முழுவதையும் கேமராவின் பொறுப்பில் விடுங்கள் என்கிறார்கள். பக்கவாட்டில் அமர்ந்து ஒற்றையர் ஆட்டத்தைப் படமெடுக்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. அதை மறுப்பது நியாயமில்லை. வலை குறுக்கே வராது, ஆட்டக்காரருக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரமும் பெரிதாக மாறாது. ஆனால் ஸ்மாஷ் அடிக்கும் முகத்தை நேருக்கு நேர் பிடிக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்க எல்லைக் கோட்டுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வலையின் மேல்விளிம்பு நடுவில் 1.524 மீட்டர் உயரம். அதில் 75 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை நாடா. தரையில் அமர்ந்தவரின் லென்ஸ் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 14 மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தை நோக்கிக் கோடு இழுத்தால் அது வலையைக் கடக்கும் உயரம் சுமார் 1.3 மீட்டர், முகம் வலைக்குள் சிக்கியிருக்கிறது. ஆறடியைத் தாண்டிய டென்மார்க் வீரர் விக்டர் ஆக்செல்சன் நின்றாலும் இதே கதிதான். அவர் துள்ளி எழும்போதுதான் முகம் நாடாவுக்கு மேலே வருகிறது. நாம் விரும்பும் நொடியில் மட்டும் முகம் வெளிப்படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் கேமராவின் கண்ணுக்கு அருகில் இருப்பது வலை. சட்டகம் முழுவதையும் கேமராவிடம் விட்டால் ஃபோகஸ் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து முகத்துக்குத் திரும்புவதற்குள் இறகுப்பந்தான காக் தரையில் விழுந்திருக்கும்.

இதற்கு மருந்து மெனுவிலேயே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. குறுக்கே ஏதாவது வந்தால் ஃபோகஸ் உடனே தாவ வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா என்று சொல்லும் அமைப்பு அது. கேனானின் பழைய கேமராக்களில் இதற்கு ‘கேஸ் 2’ என்று பெயர். நிக்கானிலும் சோனியிலும் 1 முதல் 5 வரை எண்கள் உண்டு, ஆனால் திசை நேர்மாறு: நிக்கானில் பொறுத்திருக்கச் சொல்வது 5, சோனியில் 1. நண்பரின் எண்ணை அப்படியே பார்த்து வைத்துக்கொண்டால் எதிர்மறையான பலனே கிடைக்கும். இறகுப்பந்தைப் பொறுத்தவரை தாவாமல் பொறுத்திருக்கும் பக்கமே சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்ணைக் கண்டறியும் வசதிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 200 மி.மீ. லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து, 7 மீட்டர் தொலைவில் படமெடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ராக்கெட்டின் நீளமோ 68 சென்டிமீட்டர் வரை. கண் கூர்மையாக இருந்தாலும், முன்னே நீண்ட கையும் ராக்கெட்டும் மங்கலாகத்தான் விழும். அதை ஃபோகஸின் தோல்வி என்று சொல்லக் கூடாது. காக் மங்குவதும் அப்படித்தான். டென்மார்க் வீரர் மட்ஸ் பீலர் கோல்டிங் 2017-ல் இந்தியாவின் பிரீமியர் பாட்மிண்டன் லீகில் அடித்த ஸ்மாஷின் வேகம் மணிக்கு 426 கிலோமீட்டர். நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருந்தாலும் அந்த வேகத்தில் காக் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நொடிக்கு 5 மீட்டர் ஓடும் ஆட்டக்காரரின் உடல் அதே நேரத்தில் நகர்வது இரண்டரை மில்லிமீட்டர்தான். எனவே கூர்மையை உடலிலும் முகத்திலும் தேட வேண்டும்.

விளையாட்டையே அறிந்து பந்தோடு இருப்பவரைத் தொடரும் வசதியுடன் கேனான் ஆர்1 2024-ல் வந்தது. வெளியானபோது அது அறிந்திருந்தவை கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து ஆகிய மூன்றுமே. இறகுப்பந்து அப்போதைய பட்டியலில் இல்லை. இரட்டையர் ஆட்டத்தில் நான்கு முகங்களில் எது முக்கியம் என்பதை இன்றும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். வலையோர ஆட்டத்துக்கு, வலையை ஒட்டிய தூரத்தில் முன்கூட்டியே ஃபோகஸை நிறுத்திவைக்கும் பழைய முறையே போதும்.

எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குள்ளமான உடலமைப்பு உடையவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் வெண்கலம் வென்றவர் தமிழ்நாட்டின் நித்யஸ்ரீ சிவன். அந்தப் பிரிவிலும் வலையின் உயரம் அதேதான். தரையில் அமர்ந்து நேரெதிரிலிருந்து எடுத்தால் அவர் முகம் பெரும்பாலும் வலைக்குள்ளேயே இருக்கும். ஆக்செல்சனின் துள்ளலுக்குப் பொருந்தும் இருக்கையும் அமைப்பும் அவருக்குப் பொருந்தாது. அவருடைய ஆட்டத்தைப் படமெடுப்பவர் பக்கவாட்டுக்கு நகரத்தான் வேண்டும்.

என் முடிவு இது. நேரெதிரில் அமர்ந்தால் தொடர் ஃபோகஸ், சிறிய பகுதி, அதற்குள் மட்டும் முகத்தைத் தேடும் வசதி, தாவாமல் பொறுக்கும் அமைப்பு. பக்கவாட்டில் அமர்ந்தால் சட்டகம் முழுவதையும் தைரியமாகக் கேமராவிடம் விடலாம். ஷட்டர் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எஃப்/2.8-இல், ஆயிரம் லக்ஸ் வெளிச்சத்தில் இதற்கு ஐஎஸ்ஓ 4000 அளவு போதும். 300 லக்ஸ் மட்டுமே உள்ள நம் ஊர் உள்ளரங்குகளில் 12,800 தேவைப்படும். போட்டி நடத்துபவர்கள் விளக்கைக் கூட்டட்டும், முதல் செட் முடிந்ததும் புகைப்படக்காரரும் பக்கம் மாற வழிவிடட்டும். புதிய கேமராவால் கிடைக்காத படங்கள் இந்த இரண்டால் கிடைக்கும்.